ஸ்டவ்ரோஸ்: கம்பமா, சிலுவையா?

"புதிய ஏற்பாட்டில் சிலுவையே கிடையாது, இருப்பது வெறும் கம்பம்தான்" என்றொரு வாதம் நெடுநாளாகச் சுற்றி வருகிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'ஸ்டவ்ரோஸ்'. ஹோமரின் காவியங்களில் அதற்கு நட்டு வைத்த கழி என்று பொருள். ஆகவே இயேசு இறந்தது ஒற்றைக் கம்பத்தில்தானாம். குறுக்குச் சட்டம் 4-ஆம் நூற்றாண்டில், கான்ஸ்டன்டைன் காலத்தில், பிற சமயத்தாரிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டதாம்! 1850-களில் அலெக்சாண்டர் ஹிஸ்லாப் சிலுவைக்குப் பாபிலோனில் வேர் தேடினார். 1930-களில் யெகோவாவின் சாட்சிகள் கம்பத்தையே ஏற்றுக்கொண்டார்கள்.

ஹோமர் விஷயம் சரிதான். ஆனால் ஹோமருக்கும் சுவிசேஷங்களுக்கும் இடையில் பல நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. சொல் அதே இடத்தில் நிற்குமா? எள்ளின் நெய்தான் எண்ணெய். அதற்காகத் தேங்காய் எண்ணெயை எள்ளில் ஆட்டியது என்று யாராவது சொல்வார்களா? ஒரு சொல்லின் பிறப்பு வேறு, அது புழங்கும் பொருள் வேறு.

சரி, அக்காலத்தவர் எப்படிப் புழங்கினார்கள்?

பர்னபாவின் நிருபம் கி.பி. 70-க்கும் 135-க்கும் இடையில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. கிரேக்கர் எழுத்துகளையே எண்களாகவும் எழுதுவார்கள். 300-க்கு உரியது 'டௌ'. நட்ட மரத்தின் தலையில் குறுக்குக் கட்டை வைத்தது போன்ற வடிவம். ஆபிரகாமின் 318 ஆட்களில் வரும் அந்த 300 ஸ்டவ்ரோஸைக் குறிக்கிறது என்கிறது இந்த நிருபம். 2-ஆம் நூற்றாண்டின் ஜஸ்டின், பஸ்கா ஆட்டை நெடுக்கிலும் குறுக்கிலும் கம்பி கோத்துச் சுடுவதை அதன் உருவமாகக் காட்டுகிறார்.

இவர்கள் கிறிஸ்தவர்கள், அப்படித்தான் சொல்வார்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. லூசியன் பெயரில் வழங்கும் ஒரு நையாண்டி நூலில் எழுத்துகள் வழக்காடுகின்றன. கொடுங்கோலர்கள் 'டௌ'வின் உடலைப் பார்த்துத்தான் ஸ்டவ்ரோஸைச் செய்தார்கள் என்பது அதில் குற்றச்சாட்டு! லூசியன் கிறிஸ்தவர்களைக் கேலி செய்தவர். இவை யாவும் கான்ஸ்டன்டைனுக்கு முந்தியவை.

எல்லாச் சிலுவைகளும் ஒரே வடிவில் இருக்கவில்லை என்பதும் உண்மை. பல விதங்களைக் கண்டதாக செனெகா எழுதியிருக்கிறார். இயேசுவின் சிலுவை எப்படி இருந்தது என்று சுவிசேஷங்கள் வர்ணிப்பதும் இல்லை. ஒற்றைக் கம்பம் என்று யாராவது நம்பினால் நம்பட்டும். ஆனால் "அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே இல்லை" என்பது பொய்.

பவுல் பேசியது தச்சு வேலையை அல்ல. ஸ்டவ்ரோஸ் என்றால் ரோமருக்கு அடிமைகளும் கலகக்காரரும் சாகும் கேவலமான சாவு. அப்படிச் செத்தவனைக் கடவுளின் மகன் என்றதுதான் அன்று அதிர்ச்சி. கட்டைகளை எண்ணிச் சண்டை போடுகிறவர்கள் கோட்டை விடுவது அதைத்தான்.