லூபஸ் ஏன் வருகிறது? மரபணுவா, மாசா?

எண்ணூரில் எந்த நோய் வந்தாலும் முதல் சந்தேகம் ஆலைகள் மீதுதான். அதில் நியாயமும் இருக்கு. 2023 டிசம்பரில் மட்டும் எண்ணெய்க் கசிவு, அமோனியா கசிவு என இரண்டு சம்பவங்கள். ஆனால் லூபஸுக்கு பதில் அவ்வளவு ஈஸி இல்லை.

லூபஸில் எதிர்ப்பு சக்தியே சொந்த உடலைத் தாக்கும். பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

டிஎல்ஆர்7 என்ற மரபணு, வைரஸைக் கண்டுபிடிக்கும் சென்சார் மாதிரி. ஸ்பெயின் சிறுமி ஒருவருக்கு அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்ததை 2022-ல் 'நேச்சர்' ஆய்வு காட்டியது. சென்சார் சொந்த உடலையே எதிரியாக எடுத்துக்கொண்டதால் அழற்சி அடங்கவே இல்லை. அதே மாற்றத்தைக் கொடுத்த எலிகளுக்கும் லூபஸ் வந்தது. இந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்களுக்கு எக்ஸ் இரண்டு.

ஆனால் ஒற்றை மரபணுவால் லூபஸ் வருவது அபூர்வம். மரபணுக்கள் ஒத்துப்போகும் இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும், மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. வெயில், சிகரெட், சிலிக்கா தூசி போன்றவையும் சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. கல் உடைப்பு, கட்டுமான வேலைகளில் பறப்பது இந்த சிலிக்காதான். ஆக, அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வந்தே தீரும் என்பதும் தப்பு. எல்லாமே புகைதான் என்பதும் தப்பு.

வாரக்கணக்கில் மூட்டுவலி, காய்ச்சல், கன்னத்தில் சிவப்புத் தடிப்பா? 'சிக்குன்குனியா வலி இன்னும் போகல' என்று விட்டுவிடாதீங்க. டாக்டரைப் பார்த்து, ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்க. சிறுநீர்ப் பரிசோதனையும் முக்கியம்: லூபஸ் சிறுநீரகத்தை வலியே இல்லாமல் பாதிக்கும். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்குத் தனித் துறையே இருக்கிறது.