பால்குடத்துப் பாலும் ஆத்துத் தண்ணியும்

இந்தப் பதிவைப் படிச்சா சிலருக்குக் கோபம் வரும். இருந்தாலும் ஆடித் திருவிழாவுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

போன வருசம் பால்குடம் முடிஞ்ச மறுநாள் காலையில, நாங்க நாலஞ்சு தொண்டர்கள் கோயில் பின்பக்கம் கழுவப் போனோம். கால்வாய் முழுக்க வெள்ளையா ஆடை கட்டிக் கிடந்தது. புளிச்ச வாடை மூக்கைத் துளைச்சுது. அந்தக் கால்வாய் ஓடையில போய்ச் சேருற இடத்துல சின்ன மீன்களெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்துச்சு. சாயங்காலம் பார்த்தா செத்து மிதக்குது.

"பால்தானேப்பா, விஷமா என்ன?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பால் விஷம் இல்லை. ஆனா அது தண்ணியில கெட்டுப்போகும்போது அதைத் தின்னுற கிருமிகள் தண்ணியில இருக்கிற பிராணவாயுவை எல்லாம் இழுத்துக்கும். ஒரு லிட்டர் பால் முழுசா மக்குறதுக்கு ஏறக்குறைய 100 கிராம் பிராணவாயு வேணும். நம்ம ஊர் வெயிலுக்கு, நல்ல ஆத்துத் தண்ணியிலகூட லிட்டருக்கு 7, 8 மில்லிகிராம்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு குடத்துப் பால், பத்தாயிரம் லிட்டருக்கு மேல தண்ணியோட மூச்சை நிறுத்திடும். நம்ம கோயில்ல எத்தனை குடம் வருதுன்னு உங்களுக்கே தெரியும்.

செம்பனை ஆலைக் கழிவைப் பத்தி நாம எல்லாரும் திட்டுறோம். திட்ட வேண்டியதுதான். சுத்திகரிக்காத அந்தக் கழிவு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவுக்குப் பிராணவாயுவைக் கேட்கும். 1977-இல் வந்த விதிகள்படி, அதை 100-க்குக் கீழே இறக்கிய பிறகுதான் ஆத்துல விடலாம். பாலோ அந்தக் கழிவைப் போல நாலு மடங்கு! அதுக்கு நம்ம மனசாட்சிதான் பதில் சொல்லணும்.

"மணல் அள்ளுறவனை விட்டுட்டுக் கோயிலைச் சொல்றியா?" என்பார்கள். மணல் அள்ளுறதும் பாவம்தான். ஆத்தோட அடிமட்டம் இறங்குது, கரை சரியுது, மீன் முட்டையிட இடம் இல்லாமப் போகுது. ஆனா புகார் கொடுக்க நாம போய் நின்னா, உங்க கோயில் கால்வாயை முதல்ல பாருன்னு திருப்பிக் கேட்க மாட்டானா?

நம்ம பக்கத்துல ஓடுற சுங்கை மூடா லேசுப்பட்ட ஆறு இல்லை. உலு மூடா காட்டுல இருந்து வருது. பினாங்கு மாநிலம் எடுக்கிற ஆத்துத் தண்ணியில 80 விழுக்காட்டுக்கு மேல இதுலதான். கரகம் பாலிக்க நாம இறங்குறதும், கருமக்கிரியை முடிச்சுத் தலை முழுகுறதும் இந்தத் தண்ணியிலதான். அதுலயே பிளாஸ்டிக் மாலை, பழைய சாமி படம், துணி எல்லாத்தையும் வீசிட்டு வந்தா அம்மனுக்குப் பொறுக்குமா?

பால்குடத்தை நிறுத்தச் சொல்லலை. நிறுத்தவும் கூடாது, அது நம்ம நேர்த்தி. என் எண்ணம் இதுதான்: குடத்துல இருந்து ஒரு கரண்டி அம்மனுக்கு. மீதியைச் சுத்தமான பாத்திரத்துல வாங்கிக் காய்ச்சி, வந்தவங்களுக்குப் பிரசாதமாக் கொடுக்கலாம். அபிஷேகப் பாலைத் தொட்டியில பிடிச்சு, தண்ணி நிறைய கலந்து, தென்னை வாழைக்கு ஊத்தலாம். ஆத்துக்குக் கொண்டுபோறது பூவும் மஞ்சளும் மட்டும், அதுவும் கொஞ்சமா. கரகத் துணியும் படமும் திரும்பக் கோயிலுக்கே வரட்டும்.

நிர்வாகக் கூட்டத்துல பாதிப் பேர் சரின்னாங்க. மீதிப் பேர் சாஸ்திரம் கேட்டாங்க. தெரிஞ்ச பெரியவங்க கீழே எழுதுங்க. தொட்டி வைக்க ரெண்டு பழைய நீலப் பீப்பாய் வேணும், வீட்டுல சும்மா கிடந்தா கொண்டு வாங்க.