ட்ரோபோனின் எண் மட்டும் போதாது

நெஞ்சுவலியோடு வருபவரின் ரத்தத்தில் மருத்துவர்கள் தேடும் முக்கியமான தடயம் ட்ரோபோனின். இதயத் தசை சுருங்கி விரிவதை ஒழுங்குபடுத்தும் இந்தப் புரதம், தசைச் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கலக்கிறது. 1960களில் ஜப்பானின் செட்சுரோ எபாஷி இதை அடையாளம் கண்டார். 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் மாரடைப்பின் வரையறையையே இதைச் சுற்றித் திருத்தி எழுதின. இவ்வளவு கனம் உள்ள ஓர் எண், எந்த முறையில் அளக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாமல் நோயாளியின் கைக்குப் போகக் கூடாது.

காரணம் எளிது. ட்ரோபோனின் ஐ என்ற வகையை அளக்கும் கருவிகளைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. அந்தப் புரதத்தின் எந்தப் பகுதியைப் பற்றிப் பிடிப்பது என்பதில் ஒவ்வொரு நிறுவனத்தின் எதிர்ப்புரதமும் வேறு. ஆகவே, ஒரே ரத்தத்துக்கு இரண்டு கருவிகள் இரண்டு எண்களைத் தரலாம்; இரண்டுமே தவறில்லை. அப்படியானால், மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, தூய ட்ரோபோனினை வேண்டிய அளவு உற்பத்தி செய்து, அதையே எல்லாருக்கும் பொது அளவுகோல் ஆக்கிவிடலாமே என்று கேட்கலாம். ஆய்வகங்களுக்கு அப்படிப்பட்ட புரதம் விற்பனைக்கே கிடைக்கிறது. மருந்து ஆய்வுக்கும் எதிர்ப்புரதம் உருவாக்கவும் அது அருமையான பொருள்தான். ஆனால், தூய்மை வேறு, ஒப்புமை வேறு. 210 அமினோ அமிலங்கள் கொண்ட ட்ரோபோனின் ஐ, இதயத்தில் தனியாக இருப்பதில்லை. ட்ரோபோனின் சி, டி ஆகியவற்றோடு பிணைந்திருக்கிறது. அதன் மேல் பாஸ்பேட் ஏறி இறங்குகிறது. மாரடைப்பின்போது அது துண்டுபட்டும் ரத்தத்துக்கு வருகிறது. சாதாரண பாக்டீரியா அந்தப் பாஸ்பேட்டை ஏற்றித் தருவதில்லை. அமெரிக்கத் தர நிறுவனம் மனித இதயத் திசுவிலிருந்தே முக்கூட்டுப் புரதத்தைப் பிரித்தெடுத்து ஒப்பீட்டுக்கான ஒரு தரப் பொருளை உருவாக்கியது. அதுகூட எல்லா முறைகளோடும் ஒத்துப்போகவில்லை.

“ஒற்றை எண்ணை யார் பார்க்கிறார்கள்? ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதானே பார்க்கிறோம்” என்று மருத்துவர்கள் சொல்லலாம். சரியான வாதம், ஆனால், ஒரே கருவியில் அளக்கும் வரைதான் அது செல்லும். ஊர் மருத்துவமனையில் முதல் பரிசோதனை, நகரத்து மருத்துவமனையில் அடுத்தது என்று நோயாளி மாற்றப்படும்போது அந்த ஏற்ற இறக்கமே கருவி மாறியதால் வந்த மாயையாக இருக்கலாம். போதாக்குறைக்கு அலகும் மாறும்: மில்லிலிட்டருக்கு 0.04 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 40 நானோகிராம் என்பதும் ஒன்றே. இவ்வளவு விவரம் நோயாளியைக் குழப்பும் என்ற மறுப்பில் எனக்கு உடன்பாடில்லை. அதைப் படிக்கப்போவது அடுத்த மருத்துவர். கருவியின் பெயர், அலகு, ஆண் பெண்ணுக்கான தனித்தனி வரம்பு, ரத்தம் எடுத்த நேரம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு ட்ரோபோனின் அறிக்கையிலும் அச்சிடுவதை ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்புகள் கட்டாயமாக்க வேண்டும்.