மார்கழிக் குளிரும் வான்கோழிக் குஞ்சும்

மயிலைப் பார்த்து ஆடப் போனது என்று வான்கோழியைக் கேலி செய்யாதவர் யார்? வேலூர், ஆம்பூர்ப் பக்கம் கொல்லையில் நாலு வான்கோழி வளர்க்க ஆசைப்படும் சகோதரிகள் அந்தக் கேலியைப் பொருட்படுத்த வேண்டாம். குளிரைத்தான் பொருட்படுத்த வேண்டும்.

"வெயிலுக்குப் பெயர் போன வேலூரில் குளிரா?" என்பீர்கள். மார்கழி, தை விடியலில் கோலம் போட எழுந்திருப்பவர் நீங்கள்தானே! பல நாட்கள் 20 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஏலகிரி மலையில் கேட்கவே வேண்டாம்.

வளர்ந்த பறவைக்கு இது ஒரு பொருட்டல்ல. அதன் பூர்வீகம் அமெரிக்கா. அங்கே காட்டு வான்கோழி உறைபனியிலேயே நடமாடுகிறது. ஈரமும் ஊதல் காற்றும்தான் அதற்கு ஆகாதவை.

28 நாள் அடையிருந்து பொரித்த குஞ்சின் கதையே வேறு. முதல் வாரம் அதற்கு 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரியாகக் குறைக்கலாம். சூடு போதாவிட்டால் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் சிக்கியவை மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவே மூலையே இல்லாதபடி, முழ உயர அட்டையை வட்டமாக வளைத்து நிறுத்தி, நடுவே பல்பைத் தொங்கவிடுங்கள். பழைய இழை பல்பாக இருக்கட்டும், எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமே தவிர, போதிய சூடு தராது. குஞ்சுகள் பல்படியில் நெருங்கி நின்றால் குளிர். வாய் பிளந்து ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். பரவலாக நின்றால் சரி.

வான்கோழிக் குஞ்சுக்குத் தானாகத் தின்னத் தெரியாது. தீனிமேல் பொடியாக நறுக்கிய கீரையும் வேகவைத்த முட்டையும் தூவினால் கொத்தப் பழகிக்கொள்ளும். பசியோடு இருக்கும் குஞ்சைக் குளிர் சீக்கிரம் கொண்டுபோய்விடும்.

தரையில் இரண்டு அங்குலம் நெல் உமி பரப்புங்கள். நனைந்தால் உடனே மாற்றுங்கள். தோல் பட்டறைச் சீவல் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். குரோமியம் ஏற்றிப் பதனிட்ட தோல் அது. காற்று வீசும் பக்கம் சாக்குத் திரை கட்டுங்கள். மேலே மட்டும் காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள். நாட்டுக் கோழிகளோடு ஒரே கூட்டில் அடைக்காதீர்கள். அவற்றின் குடற்புழு மூலம் பரவும் 'கருந்தலை' நோய் வான்கோழிக்கு எமன்.

இரவில் ஒரு குஞ்சு செத்தால், போவது குஞ்சின் விலை மட்டுமல்ல. ஐந்தாறு கிலோ எடைக்கு வளர்ந்து குடும்பச் செலவுக்குக் கைகொடுக்க வேண்டிய பறவை அது. முதல் நாலு வாரம் நடு இரவில் ஒரு முறை எழுந்து பாருங்கள். அதற்குப் பிறகு அது மயிலைப் பார்த்து ஆடட்டும், ஆடாமல் போகட்டும்!