வட்டி ஹராம் என்கிறோம். கட்டணத்தை யார் செலுத்துவது?



சென்ற ஷவ்வால் மாதத்தில், என்னிடம் ஓதும் ஒரு சிறுமியின் தாயார் மதரஸாவின் வாசலில் நின்று கேட்டார்: "ஹஜ்ரத், மஹராக வந்த சங்கிலியை வங்கியில் அடகு வைத்து ஃபீஸ் கட்டிவிட்டேன். அது வட்டிதானே? என் தொழுகை கபூலாகுமா?"

அவருக்கு வயது 36. பிளஸ் டூ தேறிய ஆண்டிலேயே நிக்காஹ் முடிந்தது. கணவர் சவூதியில் மவ்த்தாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு பிள்ளைகள், தையல் இயந்திரம் ஒன்று, வாடகை வீடு. மருத்துவ ஆய்வகப் பணிக்கான இரண்டாண்டுப் பட்டயப் படிப்பில் சேர்ந்திருக்கிறார். முதலாண்டுக் கட்டணம் 45,000 ரூபாய்.

"வட்டி பெரும்பாவம்தான். இயன்றவரை விரைவில் மீட்டுவிடுங்கள். தொழுகையை விட்டுவிடாதீர்கள், தவ்பாச் செய்யுங்கள்" என்றேன். அவர் தலையசைத்துச் சென்றார். சொன்னதில் பிழையில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடகுக்கடை வாசலை மிதிப்பதற்கு முன் அவர் நம் ஜமாஅத் அலுவலகத்தின் படிகளை மூன்று முறை ஏறி இறங்கியிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். அங்கே அவருக்குக் கிடைத்த பதில்: "இந்த வயதில் என்ன படிப்பு? பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். ரமளானில் அரிசி வரும்."

இந்தப் பதிலை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் வயதைப் பார்ப்போம். ஸஹீஹுல் புகாரியில் கல்வி பற்றிய பாடத்திலேயே, நபித்தோழர்கள் முதிர்ந்த வயதில்தான் கற்றார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) குறித்து வைத்திருக்கிறார்கள். நாம் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறோம். அந்த மத்ஹபில் குராஸான் வழி எனப்படும் அறிஞர் மரபின் தலைவராக விளங்கிய இமாம் கஃப்பால் அல்மர்வஸீ (ரஹ்) யார்? பூட்டுச் செய்யும் தொழிலாளி. முப்பது வயதை எட்டிய பிறகே ஃபிக்ஹு படிக்க அமர்ந்தார்கள். நம் நிர்வாகிகள் அன்று மர்வில் இருந்திருந்தால், "பூட்டைப் பாருங்கள் பாய்" என்று அனுப்பி வைத்திருப்பார்கள்!

"அவர் படித்தது மார்க்கக் கல்வி, இவர் படிப்பது உலகக் கல்வி. உலகக் கல்விக்கு ஜகாத் கொடுக்க ஆதாரம் உண்டா?" என்று ஒரு நிர்வாகி என்னிடமே கேட்டார். நல்ல கேள்வி. இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

சூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரைக் குறிப்பிடுகிறது. மாணவர் என்று தனிப்பிரிவு அதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் இரண்டு பிரிவினர் ஏழைகளும் வறியவர்களும் அல்லவா? இந்தச் சகோதரி படித்தாலும் ஏழை, படிக்காவிட்டாலும் ஏழை. நாம் அனுப்பும் ரமளான் அரிசியே அதற்குச் சாட்சி. ஏழை என்ற தகுதி அவருக்கு முன்பே உறுதியாகிவிட்டது. எனவே, அவர் பங்கை எந்த அளவில், எந்த வடிவில் கொடுப்பது என்பது மட்டுமே மீதமுள்ள கேள்வி.

அதற்கும் நம் இமாம்கள் விடை எழுதி வைத்துவிட்டார்கள். இமாம் நவவி (ரஹ்) 'அல்மஜ்மூஃ' நூலில் ஏழைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை விளக்குகிறார்கள். அவனை வறுமையிலிருந்து வெளியேற்றித் தன்னிறைவில் நிறுத்தும் அளவு கொடுக்க வேண்டும். தொழில் தெரிந்தவனுக்கு அத்தொழிலின் கருவியை வாங்கும் விலை, அது குறைவாயினும் அதிகமாயினும், கொடுக்கப்படும். வணிகனுக்கு அவன் வணிகத்திற்கேற்ற முதல் கொடுக்கப்படும். தச்சனுக்கு உளி எப்படியோ, ஆய்வகப் பணியாளருக்குச் சான்றிதழ் அப்படித்தான். அதில்லாமல் எந்த மருத்துவமனையும் அவரை ஊசியைத் தொட விடாது. அந்தக் கருவியின் விலைதான் அந்த 45,000 ரூபாய்.

நாம் என்ன செய்கிறோம்? ஒவ்வோர் ஆண்டும் ஒரு மூட்டை அரிசியும் 1,500 ரூபாயும் கொடுக்கிறோம். பைத்துல்மால் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இருந்த பெயர்களே இன்றும் இருக்கின்றன. சில இடங்களில் தாயின் பெயர் அடிக்கப்பட்டு மகளின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. இதற்கு ஜகாத் விநியோகம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"சங்கிலியை விற்றிருக்கலாமே" என்பாரும் உளர். பதினொரு பவுன் இருந்தால் ஜகாத் கடமை என்கிறோம். அவரிடம் இருந்ததே அந்த ஒரு சங்கிலிதான். நாளை மகளுக்கு என்று வைத்திருந்ததை முதலில் விற்றுவிட்டு வரச் சொல்லும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது? பெண் தனியே பட்டணம் போகலாமா என்று கவலைப்படுவோருக்கு ஒரே ஒரு செய்தி: தையல் துணி வாங்க அவர் எட்டு ஆண்டுகளாகத் தனியேதான் பட்டணம் போய் வருகிறார், அப்போது எவரும் கேட்கவில்லை.

வெளியே வேறு வழியும் இல்லை. வங்கியின் கல்விக் கடனில், படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். சிறுபான்மையினருக்காக அரசு நடத்தும் டாம்கோவின் கல்விக் கடனில் விகிதம் குறைவு. ஆயினும் அதுவும் வட்டியே. 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்து நேரே கல்லூரிக்குச் செல்லும் இளம்பெண்களுக்கானது. இடையில் பதினெட்டு ஆண்டுகள் அடுப்படியில் கழித்தவர்களுக்கு யாரும் பட்டியல் போடவில்லை. வளைகுடாவிலிருந்து 45 வயதில் வெறுங்கையோடு திரும்பும் ஆண்களின் நிலையும் இதுவே.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு மதரஸாவில் சேர்ந்தவன் நான். 31ஆம் வயதில்தான் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினேன். பின்னர் மேற்படிப்புக்குப் பணமில்லாமல் நின்றபோது, எங்கள் மஹல்லாவின் அரிசி வியாபாரி ஒருவர் 12,000 ரூபாயை அழகிய கடனாகக் கொடுத்தார். எழுத்தில்லை, வட்டியில்லை. மாதம் 500 வீதம் இரண்டு ஆண்டுகளில் அடைத்தேன். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். ஒரு தனி மனிதர் செய்ததை, கடைகளும் வாடகை வருமானமும் உள்ள ஒரு ஜமாஅத் ஏன் செய்ய முடியாது? ஏழைக்கு ஜகாத், ஓரளவு வசதியுள்ளவருக்கு அழகிய கடன். கட்டணத்தை நேரே கல்லூரியின் கணக்கில் செலுத்தட்டும். நம்பிக்கை இல்லையென்றால் ரசீதைக் கேட்கட்டும்.

பணமில்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. அவரைத் திருப்பியனுப்பிய அதே மாதத்தில்தான் திருமண மண்டபத்துக்குக் குளிர்சாதனக் கருவிகள் வாங்கப்பட்டன. அது ஜகாத் பணமன்று, மண்டப வருமானம் என்றார்கள். சரி, மண்டப வருமானத்தில் அழகிய கடன் கொடுப்பதை எந்தக் கிதாப் தடுக்கிறது?

இரண்டாம் ஆண்டுக் கட்டணம் முதல் தவணையாக ஜூலையில் கட்டப்பட வேண்டும். சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. அந்தச் சகோதரியின் விண்ணப்பத்தை இம்முறை நானே எழுதி, மேற்சொன்ன 'அல்மஜ்மூஃ' பகுதியின் நகலையும் இணைத்து நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறேன். கூட்டம் அடுத்த வாரம். முடிவு எதுவாயினும், வரும் ஜும்ஆவில் வட்டியைப் பற்றி நான் செய்யவிருக்கும் பயானில் அதையும் சேர்த்தே அறிவிப்பேன், இன்ஷா அல்லாஹ்.