கோடையும் கொசுவும்

வெயிற்காலம் வந்துவிட்டால் முற்றத்திலும் மொட்டைமாடியிலும் பாய் விரித்துக் கிடப்பது நம் நாட்டார் வழக்கம். புழுக்கம் தாங்காது கதவும் பலகணியும் திறந்திருக்கும், மேலாடை குறைந்திருக்கும், உடல் வியர்த்திருக்கும். கடிக்கும் சிற்றுயிர்களுக்கு இதனினும் நல்ல விருந்து வேண்டுமோ? எறும்பு, மூட்டைப்பூச்சி, உண்ணி, கொசு எனப் பகை பலவாயினும், உயிர்க்கே இறுதி சூழ வல்லது கொசு. ஆதலின் அதனைப் பற்றியே ஈண்டு மிகுதியாகக் கூறுவேன்.

இயற்கை முறையாலேயே பூச்சிக்கடியைத் தடுக்கலாம் என்று பலரும் இன்று சொல்கின்றனர். அவர் கூற்றை யான் மறுப்பவன் அல்லேன். ஆயினும் இயற்கை முறை என்றவுடன் இலையும் எண்ணெயும் புகையுமே அவர் நினைவில் எழுகின்றன. பிழை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. இக்கருத்தை யான் நூலிலிருந்து பெறவில்லை. என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பெற்றேன்.

என் கொல்லையில் ஒரு நொச்சி நிற்கிறது. நொச்சியின்மேல் எனக்குத் தனிப்பற்று உண்டு. பகைவர் முற்றுகையிட்டபோது மதிலைக் காத்து நின்ற மறவர் சூடிய பூ அது. புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாகவே வைத்துக் கூறும். சென்னை மாநகராட்சி 2012, 2013-ஆம் ஆண்டுகளில் கொசுவை விரட்டும்பொருட்டு மக்களுக்கு நொச்சிக் கன்றுகளை வழங்க முற்பட்டது. மதில் காத்த பணியே அச்செடிக்கு மீண்டும் வாய்த்தது என்று மகிழ்ந்து, யானும் ஒரு கன்றை நட்டு நாள்தோறும் நீர் வார்த்தேன். மாலைதோறும் அதன் இலையைத் தணலிலிட்டுப் புகை காட்டினேன். இனி என் இல்லத்துள் கொசு புகாது என்று நெஞ்சார நம்பியிருந்தேன்.

சில ஆண்டுகள் சென்றன. ஒரு சித்திரைத் திங்களில் என் பேத்திக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. அப்போது அவளுக்கு வயது ஒன்பது. ஓயாது பேசும் குழந்தை, கண்ணைத் திறவாமல் மருத்துவமனையில் ஆறு நாள் கிடந்தாள். குருதியிலுள்ள தட்டணுக்களின் எண்ணிக்கையை மருத்துவர் நாள்தோறும் சொல்ல, அவ்வெண்ணைக் கேட்டே எங்கள் பொழுது விடிந்தது. இறையருளாலும் மருத்துவர் திறத்தாலும் அவள் பிழைத்தாள்.

அவள் வீடு திரும்பியபின், சுகாதாரப் பணியாளர் ஒருவர் எங்கள் இல்லத்தைப் பார்வையிட வந்தார். இளம்பெண், கையில் ஒரு கைவிளக்கு மட்டுமே வைத்திருந்தார். கொல்லைக்குச் சென்றவர், "ஐயா, இங்கே வந்து பாருங்கள்" என்று அழைத்தார். நொச்சியின் நிழலில் என் அன்னை மாவரைத்த பழைய ஆட்டுக்கல் கிடந்தது. செடிக்கு யான் வார்த்த நீர் அதன் குழியில் தேங்கி நின்றது. அந்நீரில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. குழந்தையைக் கடித்தது அங்குப் பிறந்த கொசுவே என்று யார் உறுதி கூற வல்லார்? ஆயினும் என் நெஞ்சம் இன்றுவரை என்னை விட்டபாடில்லை.

நொச்சி பொய்த்துவிட்டதா? இல்லை, யான் அதன் இயல்பை அறியாது நம்பினேன். கொசு வெறுக்கும் எண்ணெய் அச்செடியின் இலைக்குள் அடங்கியிருக்கிறது. இலையைக் கசக்கினாலன்றி, எரித்தாலன்றி அது பெரிதும் வெளிப்படாது. செடி வெறுமனே நிற்பதால் கொசு அஞ்சி ஓடுவதில்லை. துளசிக்கும் இஃது ஒக்கும்.

மாணவர்களே, கோடையில் குளம் வற்றுகிறது, சாக்கடையும் காய்கிறது, கொசு குறையவேண்டுமன்றோ? குறைவதில்லை. ஏன்? நீர் அரிதாகும்போது நாம் அதனைச் சேமிக்கத் தொடங்குகிறோம். குழாயில் நீர் வரும் நாளில் குடம், அண்டா, தொட்டி, நெகிழிப் பீப்பாய் என அனைத்தையும் நிரப்பி மூடாது வைக்கிறோம். டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்புவது இத்தகைய தெளிந்த நீரையே. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இனத்திலும் கிணற்றிலும் மாடித்தொட்டியிலும் வளரும் வகை ஒன்று உண்டு. கியூலெக்ஸ் என்னும் கொசுவே சாக்கடையை நாடுவது. தூய்மையான வீடு என்று நாம் செருக்கித் திரிதற்கு இடமில்லை.

ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும்; காலையிலும் பொழுது சாயும்போதும் அதன் வேட்டை மிகுதி. பெண் கொசுவே குருதி உண்ணும். முட்டை முதிர்தற்கு அது வேண்டும். கலத்தின் உட்சுவரில் நீர்விளிம்பை ஒட்டி இடப்படும் அம்முட்டை, நீர் வற்றினாலும் பல திங்கள் உயிரோடிருந்து, நீர் மீண்டும் பட்டவுடன் பொரியும். ஆதலின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரை நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும். கோடை வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாளாகும். வாரம் ஒருமுறை கழுவுவோர் வீட்டில் அது பிறக்க வழியில்லை. கொட்ட இயலாத கிணற்றிலும் தொட்டியிலும் கொசுப்புழுவை உண்ணும் சிறு மீன்களை விடலாம். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள், செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்பார் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அன்றுமுதல் நாம் அறிந்த உண்மையை ஓர் ஆட்டுக்கல்லின் குழியில் யான் மறந்தேன்.

இலையையும் எண்ணெயையும் முற்றும் தள்ளிவிடச் சொல்லவில்லை. தேங்காயெண்ணெயில் சிறிது வேப்பெண்ணெய் கலந்து கைகால்களில் பூசினால் சில மணி நேரம் காவலாகும். ஆனால் வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளே புகட்டுதல் கொடிது. அதனால் உயிரிழந்த குழந்தைகளும் உண்டு. புகையோ கொசுவை விரட்டுமுன் நம் நுரையீரலை வருத்தும். அடைத்த அறையில் அது வேண்டவே வேண்டா. கொசுவத்தியின் தோற்றமும் சாமந்தி இனத்துப் பூ ஒன்றின் பொடியிலிருந்துதான்! பூவிலிருந்து வந்ததனாலேயே அதன் புகை நன்மை செய்துவிடுமா? இயற்கை என்னும் சொல்லுக்கு மயங்குவோர் இதனைச் சற்று எண்ணுதல் நலம்.

நம் மூச்சுக்காற்றையும் வியர்வை மணத்தையும் உடல் வெம்மையையும் கொண்டே கொசு நம்மை நாடி வருகிறது. அது பறக்கும் ஆற்றலில் எளியது. விசிறிக்காற்றை எதிர்த்து வர மாட்டாது. கைகால்களை மூடும் வெளிர்நிறப் பருத்தியாடையும், கிழிசலற்ற கொசுவலையும் எந்த எண்ணெயினும் மேலானவை. பகலில் உறங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

மூட்டைப்பூச்சிக்கோ கோடையே பகை. கயிற்றுக் கட்டிலை நடுப்பகல் வெயிலில் கிடத்தி, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றிய நம் முன்னோர் செயல் அறிவுடையது. வெப்பம் 50 டிகிரி செல்சியஸை எட்டினால் அப்பூச்சி முட்டையோடு மாயும்.

ஆட்டுக்கல்லை அப்புறப்படுத்துமாறு வீட்டார் கூறினர். அன்னையின் கைபட்ட கல்லாதலின் என் மனம் இசையவில்லை. அதன் குழியில் மணல் நிரப்பித் தும்பைச் செடியொன்றை நட்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் காலையில் பேத்தியும் யானும் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவுகிறோம். குளிர்பதனப் பெட்டியின் பின்னே நீர் வடியும் தட்டு ஒன்று இருப்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டவள் அவளே.