மறையாத மரு

தாய்மார்களே, பிள்ளையின் கையில் மரு முளைத்தால் நாம் என்ன செய்கிறோம்? சுண்ணாம்பு தடவுகிறோம், தலைமுடியால் இறுக்கிக் கட்டுகிறோம். சில மாதங்களில் மரு உதிர்ந்ததும் வைத்தியம் பலித்தது என்று மகிழ்கிறோம். உண்மையில் அதை விரட்டியது பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியே. மருவை உண்டாக்குவது பாப்பிலோமா என்னும் வைரஸ் கிருமி. பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரண்டாண்டுகளில் அது தானாகவே மறைந்துவிடும்.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கோ கதை வேறு. 1975 டிசம்பரில் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் நம் நாட்டின் முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், உடம்பு அதை ஏற்க மறுக்காதிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். காவல்காரன் கண்ணயர்ந்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே! ஒரு மரு பத்தாகும். போனது திரும்பி வரும். புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், எச்.ஐ.வி. கிருமி உள்ளவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கும் இப்படி நேரலாம்.

இதற்குச் சிகிச்சை உண்டு, பொறுமைதான் வேண்டும். சாலிசிலிக் அமில மருந்தை வாரக்கணக்கில் பூசி, தடித்த தோலைத் தேய்த்து எடுப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் இமிகுவிமோட் களிம்பு போன்றவற்றைத் தருவார்கள். தேவைப்பட்டால் மாற்றுச் சிகிச்சை மருத்துவர் மாத்திரையின் அளவையோ வகையையோ மாற்றுவார். மரு போகட்டும் என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், சிறுநீரகமே பறிபோகும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இத்தகையவர்களுக்கு வெயில் படும் தோலில் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். அது பார்வைக்கு மருவைப் போலவே இருக்கும். மரு வேகமாக வளர்ந்தாலோ, புண்ணாகி ஆறாமல் இருந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ தாமதிக்காதீர்கள். வெளிவேலைக்குப் போகும்போது நீண்ட கைச்சட்டையும் தொப்பியும் அணியுங்கள். பிளேடால் அறுக்காதீர்கள், பால் உறைய வைக்கும் ஆசிட்டைத் தொட்டு வைக்காதீர்கள். நீரிழிவுக்காரர்கள் காலில் மருக்கொல்லி மருந்தைத் தாமாகப் பூசவே கூடாது. சிறு புண்ணும் பெரும் புண்ணாகிவிடும்.

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். அங்கே கடிதம் பெற்றுக் கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ உள்ள பெரிய மருத்துவமனையில் தோல் நிபுணரைப் பாருங்கள். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். மரு சிறியதுதான், அது சொல்லும் சேதி பெரியதாக இருக்கலாம்.